இரண்டு வாளிகள்

என் வாளி எஃகு.
ஒரே அள்ளில் ஒரு டன் கரை வரும்.
மைரேட்டின் வாளி பிளாஸ்டிக்,
அடியில் கண்ணாடி பதித்தது.
அதில் எதையும் அள்ள முடியாது.
பார்க்க மட்டும்தான்.

ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் வடக்கு.
கெர்ரா ஆற்றின் கல்பாலம்
மரம் ஏற்றிய லாரிகளைத் தாங்கித் தாங்கி
ஒரு பக்கம் இறங்கிவிட்டது.
புதுப் பாலத்துக்கு நான் தோண்ட வேண்டும்.
இயந்திரத்தை இறக்கிய காலையில்
இடுப்பளவு நீரில் ஒருத்தி குனிந்து நின்றாள்,
முகம் முழுக்க வாளிக்குள்.
நிமிராமலே சொன்னாள்:
இன்னும் தொடாதீர்கள்.

எத்தனை நாள்?
தெரியாது, எண்ணி முடிக்க வேண்டும்.

காத்திருந்தேன்.
பொடிக்கொசுக்கள் காதுக்குள் குடியேறின.
விதிகளின் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்;
இப்போது படிக்க நேரம் இருந்தது.
எண்ணெய் ஒரு சொட்டும் விழாதபடி
இயந்திரத்தின் அடியில் தட்டு.
சிமெண்ட் லாரி ஆற்றருகே வாய் கழுவக் கூடாது.
கரை நெடுக வைக்கோல் கட்டுகள், சேற்றை வடிக்க.
இருட்டியபின் விளக்கு கூடாது, நீர்நாய் நடமாடும்.
செப்டம்பர் முடிந்தால் ஆற்றில் கால் வைக்கவே கூடாது,
சால்மன் முட்டையிட வரும்.
என் வீட்டில்கூட எனக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை.

மூன்றாம் நாள் வாளியை நீட்டினாள்.
பார்த்தேன்.
கல், என்றேன்.
இன்னும் பாருங்கள்.

குளிரில் மூக்கு மரத்தது.
கற்களுக்கு நடுவில் ஒரு கருங்கல்
மெல்ல உதடு பிரித்தது.

உள்ளங்கை நீளம். முக்கால் உடல் மணலில்.
பழைய பாலத்தின் முதல் கல் வைத்தபோதே
இதற்குப் பத்து வயது இருக்கும் என்றாள்.
குஞ்சுப் பருவத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க
மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வந்து
மணலில் உதிர்ந்தது.
அன்று மணலில் சேறு படிந்திருந்தால்
கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உள்ளே முத்து இருக்குமா? என்று கேட்டேன்.
எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்,
அதனால்தான் மற்ற ஆறுகளில் இது இல்லை.

தொடுவதற்கு உரிமம் வேண்டும்.
அவளுக்கும் இன்னெஸுக்கும் இருந்தது.
எனக்கு நோட்டுப்புத்தகம் தந்தார்கள்.
இருநூற்றுப் பதினாறு, வாய் வடமேற்கு.
இருநூற்றுப் பதினேழு, வாய் வடக்கு, ஓட்டில் பழைய கீறல்.
முந்நூறு மீட்டர் மேலே, அதே ஆழத்தில்
அதே திசை பார்க்க ஒவ்வொன்றாய் நட்டார்கள்,
தூங்குகிறவரைப் படுக்கை மாற்றிக் கிடத்துவதுபோல.
பத்தொன்பது நாள்.
அறுநூற்று நாற்பத்தொன்று.
கடைசிப் பக்கங்களில்
என் கையெழுத்து பொடிப்பொடியாய் இருக்கிறது.

பிறகு அணைகட்டி, நீரைத் திருப்பி,
என்னைத் தோண்டச் சொன்னார்கள்.

நான்காம் நாள், மாலை நாலரை மணி.
வாளி மேலே வந்துகொண்டிருந்தது.
சரளை, களிமண், ஒரு வேர்,
வேருக்கு அடியில் ஒரு கறுப்பு.

எஞ்சினை நிறுத்தினேன்.
வாளி நடுவானில் நின்று சொட்டியது.
மேஸ்திரி டோர்க்வில் கரையிலிருந்து கத்தினார்.
கான்கிரீட் லாரி பாதி வழியில் இருக்கிறதாம்,
யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டார்.
நியாயமான கேள்விதான்.
என்னிடம் பதில் இல்லை. சாவியைக் கழற்றினேன்.

மைரேட் ஓடி வந்தாள்.
ஓட்டின் ஓரம் உடைந்திருந்தது.
பத்து நிமிடம் ஈரத்துணியில் வைத்திருந்தாள்.
இறுக மூடிக்கொண்டது.
மூடினால் உயிர் இருக்கிறது என்று பொருள்,
எவ்வளவு நாள் என்று பொருள் இல்லை.

அறுநூற்று நாற்பத்திரண்டு, என்று எழுதினேன்.
வாய் எந்தப் பக்கம் இருந்தது?
என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என் வாளிக்குத் திசை தெரியாது.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொன்னாள்.
போட்டேன்.